வெயில் நாட்டில் வெயில் பஞ்சம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

எங்கள் ஊர் பாலவனத்தம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் செல்வோர் அதைக் கடந்துதான் செல்ல வேண்டும். மதுரையில் 1901-ஆம் ஆண்டு நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் அறிவார்கள். மற்றவர்கள் எங்கள் பகுதியை அறிவதெல்லாம் வெயிலால்தான். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம் நிற்கும். மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் விளையும். பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். எது பொய்த்தாலும் வெயில் மட்டும் பொய்ப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரில் ஒருத்திக்கு வெயில் போதாமையால் நோய் வந்தது என்றால் நம்புவீர்களா? என் தாயார் நம்பவில்லை. "வெயிலுக்கா பஞ்சம் நம்ம ஊருல? டாக்டரம்மா வெளயாட்டுக்குச் சொல்லியிருக்கும்" என்றார். நோய் வந்தது என் அக்காவுக்கு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அவளுடைய மருந்துச் சீட்டேயாகும்.

அக்கா ஒரு நூற்பாலையில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறாள். என் கல்லூரிக் கட்டணமும் புத்தகங்களும் அவள் கூலியில் வந்தவை. சென்ற ஆண்டு ஆவணி மாதம் முதல் அவளுக்குத் தொடையிலும் இடுப்பிலும் இனம் தெரியாத வலி. அமர்ந்தால் தரையில் கையூன்றாமல் எழ முடியவில்லை. மில் வேனின் படியில் ஏறும்போது பக்கத்திலிருப்பவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வயதோ இருபத்து மூன்று. வாதம் என்றார் ஒருவர். இரத்தம் இல்லை என்றார் மற்றொருவர். வலி மாத்திரை வாங்கி விழுங்கியபடியே நான்கு மாதம் கழிந்தது. பின்னர் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மா வேலை பாக்குற? வெளியிலயா, உள்ளயா?" என்பதுதான். இரத்தத்தைச் சோதித்தபோது வைட்டமின் 'டி' ஒரு மில்லிலிட்டரில் 9 நானோகிராம் இருந்தது. இருபதுக்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு.

வேதியியல் படிக்கும் மாணவன் என்று பெயர். வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதன் பிறகு நூலகத்தில் படித்தவற்றையும், ஆசிரியர்களைக் கேட்டு அறிந்தவற்றையும், நானே செய்து பார்த்த ஒரு சிறு சோதனையையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வைட்டமின் என்று பெயரிருந்தாலும் 'டி' மற்ற வைட்டமின்களைப் போன்றதன்று. 'சி' வேண்டுமானால் நெல்லிக்காயைத் தின்ன வேண்டும். 'டி'யை உடம்பே செய்துகொள்ளும். அதற்கு மூலப்பொருள் நம் தோலில் எப்போதும் இருக்கிறது. கொலஸ்டிராலின் நெருங்கிய உறவான அதற்கு 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்று பெயர். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களுள் 'பி' வகையைச் சேர்ந்தவை, அதாவது ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் உடையவை, தோலில் பட்டவுடன் இந்த மூலக்கூற்றின் நான்கு வளையங்களுள் ஒன்று உடைந்து திறந்துகொள்கிறது. வெப்பத்தால் நடக்கும் வினையன்று இது, ஒளியால் நடப்பது. வளையம் திறந்தபின் உடம்பின் சூடு மெல்ல மெல்ல மூலக்கூற்றைத் திருப்பி வைட்டமின் 'டி3' ஆக்குகிறது. ஒளி தொடங்கி வைத்ததைச் சூடு முடித்து வைக்கிறது எனலாம். ஒளி வேதியியல் என்ற பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வினை என் முன்கையிலேயே நாள்தோறும் நடக்கிறது என்பது பெரும் வியப்பைத் தந்தது.

தோலில் உண்டான 'டி3' அப்படியே வேலை செய்யாது. முதலில் கல்லீரலில் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி சேர்கிறது. அக்காவின் இரத்தத்தில் அளந்தது இந்த நிலையில் உள்ள பொருளைத்தான். அடுத்துச் சிறுநீரகத்தில் இன்னொரு ஹைட்ராக்ஸில் சேர்ந்த பிறகே முழு ஆற்றல் பெறுகிறது. அதன் தலையாய பணி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற்றுவது. 'டி' போதாதபோது உண்ட சுண்ணாம்புச் சத்தில் பத்து, பதினைந்து விழுக்காடுதான் உடம்பில் ஒட்டும் என்றும், போதுமானபோது முப்பது, நாற்பது விழுக்காடு ஒட்டும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் கால்சியம் குறைய உடம்பு விடாது. ஏனென்றால் இதயத் துடிப்பே அதை நம்பியிருக்கிறது. ஆகவே எலும்பிலிருந்து கடன் வாங்கும். வளரும் குழந்தைக்கு இந்நிலை வந்தால் எலும்பு கெட்டிப்படாமல் கால் வளைந்துவிடும், அதுவே ரிக்கெட்ஸ். வளர்ந்தவர்களுக்கு வந்தால் ஆஸ்டியோமலேசியா. எலும்பு வெளியே பார்க்க நேராகத்தான் இருக்கும், உள்ளே மென்மையாகிவிடும். தொடை, இடுப்புத் தசைகளும் வலுவிழக்கும். தரையில் கையூன்றி எழுவதும் படியேறத் தடுமாறுவதும் இதனால்தான்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ரிக்கெட்ஸ் நோய் ஐரோப்பாவின் புகை மண்டிய நகரங்களில் குழந்தைகளை வாட்டியது. கிராமத்துக் குழந்தைகளுக்கு அது அரிதாக வருகிறது, எனவே வெயிலே மருந்து என்று போலந்து மருத்துவர் சினியாடெக்கி 1822-இலேயே எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஜப்பானில் மருத்துவப் பணியாற்றி இங்கிலாந்து திரும்பிய பாம் என்ற மிஷன் மருத்துவர், தாம் ஜப்பானில் காணாத இந்நோயை இங்கிலாந்தில் எங்கும் கண்டு திகைத்தார். கீழை நாடுகளில் பணியாற்றிய மற்ற மிஷன் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வெயில் குறைந்த இடத்தில்தான் நோய் இருக்கிறது என்ற முடிவை 1890-இல் வெளியிட்டார். அதையும் மறந்தார்கள்.

1919-ஆம் ஆண்டு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் கிடைத்தன. இலண்டனில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்து, அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வரச் செய்து, காட் மீன் எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தினார். ஆகவே உணவுக் குறையே காரணம் என்றார். பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்பவர் பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியைக் குழந்தைகளின் மேல் பாய்ச்சிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்தபோது மறு கையின் எலும்பும் குணமாயிற்று. ஒளி பட்ட இடத்தில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? எண்ணெயிலும் ஒளியிலும் கிடைப்பது ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்காவில் மெக்காலம் 1922-இல் அதற்கு வைட்டமின் 'டி' என்று பெயரிட்டார். இவ்வகைப் பொருள்களின் வேதி அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானியர் விண்டாஸ் 1928-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நான் பெரிதும் வியந்து படித்தது நம் நாட்டில் நடந்த ஆய்வைத்தான். அக்காலத்தில் வெயில் நிறைந்த இந்தியாவில் ரிக்கெட்ஸ் இருக்காது என்றே பலரும் எண்ணினர். அப்போதைய பம்பாய் மாகாணத்து நாசிக்கில் ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் வீடு வீடாகப் பார்த்து 1922-இல் தம் முடிவை வெளியிட்டனர். பாலும் நல்ல உணவும் உண்ட வசதியான வீடுகளில், கோஷா முறைப்படி வெளியே வராத பெண்களிடமும் அவர்தம் குழந்தைகளிடமும் எலும்பு நோய் இருந்தது. அதே ஊரில் அரை வயிற்றுக்கு உண்டு, நாள் முழுதும் வெட்டவெளியில் வேலை செய்த ஏழைகளிடம் அது காணப்படவில்லை. நாசிக்கின் வெயில் இரு சாராருக்கும் ஒன்றுதான். சுவர்தான் வேறு.

அன்று கோஷா செய்ததை இன்று ஷிப்டு செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நூற்பாலைக்குள் ஈரப்பதம் குறைந்தால் இழை அறுந்துபோகும். ஆகவே சன்னல்களை அடைத்து, ஈரக் காற்றைச் செலுத்தி, குழல் விளக்கின் ஒளியில் வேலை நடக்கிறது. எந்த ஆலையையும் குறை கூறுவதற்கில்லை. பஞ்சின் இயல்பு அது. அக்காவுக்கு முதல் ஷிப்டு என்றால் விடியுமுன் வேன் வந்துவிடும். பிற்பகல் திரும்பி வந்தால் உண்டுவிட்டுப் படுத்துவிடுவாள். இரவு ஷிப்டு என்றால் பகல் முழுதும் உறக்கம். மூன்று ஆண்டுகளில் அவள் வெயிலில் நின்ற நேரத்தைக் கூட்டினால் எத்தனை நாள் தேறும் என்று ஒருநாள் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அருப்புக்கோட்டையில் தறிக்குழிக்குள் கால் நீட்டி அமர்ந்து நெய்வோரும், விசைத்தறிக் கூடத்தில் நிற்போரும், ஜவுளிக்கடையில் நாள் முழுதும் துணி விரித்துக் காட்டுவோரும் இதே கணக்கில் வருவார்கள். நாமும்தான்! வகுப்பு, ஆய்வுக்கூடம், நூலகம், பேருந்து. பேருந்தின் சன்னலோரத்தில் வெயில் சுடச்சுடப் படுகிறதே என்று கேட்கலாம். கண்ணாடியை ஏற்றியிருந்தால் பயனில்லை. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் விடும். 'பி' வகைப் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்.

இந்நாளைய ஆய்வுகளும் இதையே கூறுகின்றன. டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தார் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் நலமாக இருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமே வைட்டமின் 'டி' மிகக் குறைவாக இருந்தது. வெட்டவெளியில் பயிற்சி செய்யும் படைவீரர்களிடம் அது கூடுதலாக இருந்தது. மருந்து எழுதிக் கொடுப்பவர்களுக்கே மருந்து தேவைப்பட்டது! நம் பக்கத்துத் திருப்பதியில் ஹரிநாராயண் முதலிய மருத்துவர்கள், நகரத்தாரையும் வயலில் வேலை செய்யும் சிற்றூராரையும் ஒப்பிட்டனர். சிற்றூராரிடம் அளவு கூடுதலே. ஆயினும் அவர்களிலும் பலருக்குப் பற்றாக்குறை இருந்தது. மேலும் இரு சாராரின் உணவிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு என்றும் கண்டனர்.

வயலில் வேலை செய்வோருக்கும் ஏன் பற்றாக்குறை? இதற்கு விடையை என் தாயாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். களை எடுக்கச் செல்லும்போது சேலைக்கு மேல் தந்தையாரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். தலையில் துண்டு. அதன் முனையை இழுத்துக் கழுத்தையும் மூடியிருப்பார். நம் பகுதியில் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் இப்படித்தான். வெயிலில் எட்டு மணி நேரம் நின்றாலும் வெயில் படுவது முகத்திலும் மணிக்கட்டுக்குக் கீழேயும் மட்டுமே. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சட்டை இல்லாவிட்டால் சித்திரை வெயில் தோலை உரித்துவிடும்.

நம் தோலின் நிறத்தையும் கருத வேண்டும். மெலனின் என்னும் நிறமி இயற்கை நமக்குத் தந்த குடை. தோல் வெந்துபோகாமலும் புற்று வராமலும் காப்பது அது. ஆனால் அந்தக் குடை 'பி' கதிரையும் பங்கு போட்டுக்கொள்கிறது. வெள்ளையர் ஒருவருக்குச் சில நிமிடங்களில் உண்டாகும் வைட்டமின், கறுத்த தோலுடைய நமக்கு உண்டாகப் பல மடங்கு நேரம் வேண்டும். வெயில் குறைந்த நாட்டுக்கு நம்மவர் போனால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய பாகிஸ்தானியரிடம் ரிக்கெட்ஸும் ஆஸ்டியோமலேசியாவும் இருப்பதை 1962-இல் டன்னிகன் என்ற மருத்துவர் வெளியிட்டார். மேல்நாட்டுப் புத்தகத்தில் பத்து நிமிடம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாமும் பத்து நிமிடம் நின்றால் போதாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

சரி, எந்த நேரத்து வெயில்? இங்கேதான் நான் தவறாக எண்ணியிருந்தேன். காலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்று சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அக்காவையும் முதலில் காலை ஏழு மணிக்கு வாசலில் உட்காரச் சொன்னேன். பிறகுதான் படித்தேன்: சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருகின்றன. நீண்ட வழி, வழியெல்லாம் ஓசோன் 'பி' கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. இளவெயில் இதமாக இருப்பதற்கும் அதில் வைட்டமின் உண்டாகாததற்கும் காரணம் ஒன்றே. திருப்பதியில் மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து மணிக்கொரு முறை வெயிலில் வைத்துச் சோதித்தபோது, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலேயே மிகுதியாக வைட்டமின் உண்டாகக் கண்டார்கள்.

கடிகாரமும் கருவியும் இல்லாமல் இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. உன் நிழல் உன்னைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலில் பயன் சிறிது. உன்னைவிடக் குட்டையாக இருந்தால் பயன் உண்டு. சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறியதா என்பதற்கான அடையாளம் இது. பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பை நேராக நிறுத்தி நிழலை அளந்தேன். காலை 8 மணிக்கு நிழல் 3 மீட்டருக்குச் சற்று மேல். 9 மணிக்கு 1 மீட்டர் 70 சென்டிமீட்டர். பத்தேகால் மணியளவில் கம்பும் நிழலும் சமம். பன்னிரண்டரை மணிக்கு 59 சென்டிமீட்டர். பிறகு வளரத் தொடங்கி, பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு முன்பே மீண்டும் கம்பின் நீளத்தை எட்டிவிட்டது. மாடியில் குச்சியும் அளவுநாடாவுமாக நின்றவனைப் பார்த்து, வாஸ்து பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

அட்சரேகையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பாலவனத்தம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் ஒன்பதரைப் பாகையில் உள்ளது. ஆண்டிலேயே சூரியன் தாழ்ந்து செல்லும் மார்கழியில்கூட நம் ஊரில் நண்பகல் நிழல் ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். இலண்டன், வார்சா போன்ற இடங்களில் குளிர்காலம் முழுதும் நண்பகலிலும் நிழல் ஆளைவிட நீளம். மாதக்கணக்கில் தோலில் 'டி' உண்டாகாது. நமக்கோ ஆண்டின் ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரமாவது கடை திறந்திருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணியில் ஒருமுறையும் சூரியன் நம் உச்சிக்கே வருகிறது. அந்த நாள்களில் பகல் பன்னிரண்டேகால் மணிக்கு நட்ட கம்பின் நிழலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகக் கத்திரி வெயிலில் உச்சிப் பொழுதில் போய் நிற்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வெப்பத் தாக்கு உயிரையே குடிக்கும். சித்திரை, வைகாசியில் ஒன்பதரை மணிக்கே நிழல் குட்டையாகிவிடுகிறது. அப்போதே காட்டிவிட்டு உள்ளே வந்துவிடலாம். நீண்ட நேரம் நின்றால் நிறைய வைட்டமின் சேரும் என்பதும் இல்லை. ஓர் அளவுக்குமேல் அதே ஒளி, உண்டானதைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். ஆகவே வெயிலால் வைட்டமின் மிகுந்து நஞ்சாவது கிடையாது. மாத்திரையால் ஆகும்! கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அக்காவுக்கு மருத்துவர் எழுதியது 60,000 அலகு கொண்ட பொட்டலம், வாரம் ஒன்று, எட்டு வாரம். தீர்ந்ததும் மீண்டும் வந்து காட்டச் சொன்னார்; காட்டாமல் தொடரக் கூடாது என்று சீட்டில் அடிக்கோடிட்டிருந்தார்.

உணவால் ஈடுகட்ட முடியாதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு 'டி' வேண்டும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 அலகு. நாளுக்குப் பதினைந்து முட்டை யாரால் உண்ண முடியும்? மத்தி போன்ற கொழுப்புள்ள கடல் மீனில் ஓரளவு உண்டு. 'டி' சேர்த்த பாலும் எண்ணெயும் 2018-இல் வந்த விதிகளின்படி தனி முத்திரையுடன் விற்கப்படுகின்றன. வாங்கும்போது உறையைப் பார்ப்பது நல்லது.

சுண்ணாம்புச் சத்தின் கதை வேறு. அது முழுக்க முழுக்க வாய் வழியாகவே வர வேண்டும். நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே உண்டு. கேழ்வரகிலோ ஏறக்குறைய 350. எங்கள் பாட்டி கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்தவர். ரேஷன் அரிசி வந்தபின் எங்கள் வீட்டில் களி கிண்டுவதே நின்றுபோயிற்று. அரிசிச் சோறு உயர்வு, களி ஏழைச் சோறு என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. வெயிலைப் பற்றியும் அதே எண்ணம்தான். "நாங்கதான் வெயில்ல வெந்தோம், நீங்களாவது நெழல்ல உக்காந்து சம்பாதிங்க" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இந்தக் கல்லூரியில் படிக்கும் பலர் வீட்டிலும் இதே சொல் ஒலித்திருக்கும். அக்கா மில்லுக்குச் சென்றபோது அம்மா மகிழ்ந்ததற்குக் கூலி மட்டும் காரணம் அன்று. மகள் காட்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை, கறுக்க மாட்டாள், கல்யாணத்துக்கு நல்லது என்பதும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய், மாரடைப்பு, நீரிழிவு எல்லாவற்றுக்கும் வைட்டமின் 'டி' மருந்து என்று இப்போது பலர் பேசக் கேட்கிறோம். அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேருக்கு ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் 2,000 அலகு 'டி'யோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. புற்றுநோய் வருவதும் மாரடைப்பு வருவதும் அதனால் குறையவில்லை. பற்றாக்குறை உள்ளவருக்கு அது இன்றியமையாதது. போதுமான அளவு உள்ளவர் மேலும் விழுங்கிப் பயனில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். குடத்தில் நீர் இல்லாவிட்டால் ஊற்ற வேண்டும். நிறைந்த குடத்தில் ஊற்றினால் தரைதான் நனையும்.

எட்டு வாரம் முடியுமுன்பே அக்கா கையூன்றாமல் எழத் தொடங்கினாள். மருத்துவரிடம் மறுபடி காட்டியபோது, இனி வெயிலும் உணவும் போதும், முழங்கைக்கு மேல் வரை படும்படி அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது என்றார். மூன்று நாளுக்கு எங்கே போவது? வார விடுமுறை ஒன்று. முதல் ஷிப்டு முடிந்து வேன் இரண்டரைக்குள் கொண்டுவந்து விட்டால் மேலும் இரண்டு நாள் தேற்றலாம். நிழல் கணக்குப்படி தை மாதத்தில் அதற்குக் கால்மணி நேரம்தான் மிஞ்சுகிறது. மாசி, பங்குனியில் கூடிவிடும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அரிசிப் பானையின் மூடிக்கு அடியில் வைத்தாள்.

இப்போது விடுமுறை நாள்களில் பதினொரு மணிக்கு அவள் வாசல் படியில் உட்கார்ந்து, கையைத் தோள் வரை மடித்துவிட்டுக்கொண்டு, முறத்தில் கேழ்வரகு புடைக்கிறாள். அம்மா உள்ளிருந்து, "கறுத்துப் போயிருவடி, உள்ள வா" என்கிறார். நான் கம்பை எடுத்துக்கொண்டு நிழல் அளக்கப் போகிறேன்.